முதுகெலும்புக் கட்டியும் ஊசிப் பரிசோதனையும்: கவுண்டரில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் ஒரு பேத்தாலஜி லேபில் ஸ்லைடு தயாரிப்பது என் வேலை. ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது டாக்டர். ஆனால் சாம்பிள் பாட்டிலை வாங்குவதும், ரிப்போர்ட் கவரைக் கொடுப்பதும் நான் என்பதால் கேள்விகள் என்னிடம்தான் வருகின்றன. ராயபுரம், கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என்று எங்கிருந்து வந்தாலும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றேதான். கவுண்டரில் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிய பிறகு மனசு உறுத்தும். அதனால் டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், கண்ணால் பார்த்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் டாக்டருடையது.

"எம்.ஆர்.ஐ.ல 'லீஷன்'னு போட்டுக்கீது. அப்ப கேன்சர்தானாக்கா?"

அந்த இடத்தில் இயல்புக்கு மாறாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். சீழாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், சாதுவான கட்டியாக இருக்கலாம், புற்றாகவும் இருக்கலாம். எலும்பில் வரும் காசநோயில் ஏறக்குறைய பாதி முதுகெலும்பில்தான் வருகிறது. நம் பக்கத்தில் டாக்டர்கள் அதைத்தான் முதலில் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும்.

புற்று என்றே வைத்துக்கொண்டாலும், முதுகெலும்பில் காணப்படும் புற்றில் பெரும்பகுதி அங்கே பிறந்தது இல்லை. மார்பகம், நுரையீரல், புராஸ்டேட், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களிலிருந்து வந்து தங்கியது. அடுத்தபடியாக எலும்பு மஜ்ஜையில் வரும் மைலோமா. முதுகெலும்பிலேயே பிறக்கிற கோர்டோமா, காண்ட்ரோசர்கோமா, ஜயண்ட் செல் கட்டி, ஈவிங் சர்கோமா எல்லாம் அபூர்வம். தண்டுவடத்தையும் அதன் நரம்புகளையும் ஒட்டி வருபவை வேறு கூட்டம்: ஷ்வானோமா, மெனிஞ்சியோமா, எபெண்டைமோமா. இவற்றில் முதல் இரண்டும் பெரும்பாலும் சாதுவானவை.

"அவ்ளோ பெரிய மிஷின்ல படம் எடுத்தாச்சே, அப்பறம் எதுக்கு ஊசி?"

படம் இடத்தைக் காட்டும், அளவைக் காட்டும், எந்த நரம்பை அழுத்துகிறது என்று காட்டும். உள்ளே இருப்பது என்ன செல் என்பதைப் படத்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. காசநோய் பொதுவாக இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டையும் (டிஸ்க்) சேர்த்துத் தின்னும். புற்று பெரும்பாலும் வட்டை விட்டுவிட்டு எலும்பை மட்டும் பிடிக்கும். இது நல்ல தடயம்தான், ஆனால் இதை மீறி வருபவர்களும் உண்டு.

ஒன்றுக்கு மாத்திரை, இன்னொன்றுக்குக் கதிர்வீச்சு, மூன்றாவதற்குப் பெரிய அறுவை சிகிச்சை. பெயர் தெரியாமல் இவற்றில் எதையும் தொடங்கக் கூடாது.

"தண்டுவடத்துக்குள்ள குத்துவாங்களா? கால் வராம பூடுமா?"

தண்டுவடத்துக்குள் குத்த மாட்டார்கள். எலும்பில் உள்ள கட்டிக்கும், எலும்பை விட்டு வெளியே வந்து சதையில் நிற்கும் கட்டிக்கும்தான் வெளியிலிருந்து ஊசி. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து போட்டு, சி.டி. ஸ்கேனில் ஊசியின் முனை எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து உள்ளே கொண்டுபோவார்கள். செல்களை மட்டும் உறிஞ்சி எடுக்க 22 அல்லது 23 கேஜ் மெல்லிய ஊசி போதும், அதைத்தான் எஃப்.என்.ஏ.சி. என்கிறோம். குச்சி மாதிரி திசுத் துண்டு வேண்டுமென்றால் தடித்த ஊசி, அது பயாப்ஸி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

தண்டுவடத்துக்கு உள்ளேயே வளர்ந்த கட்டியை இப்படிக் குத்துவதில்லை. அதை ஆபரேஷன் மேஜையில்தான் பார்ப்பார்கள். கீழே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

"குத்துனா பரவிடும்னு பக்கத்து வூட்டு ஆயா சொல்றாங்க. நெஜமா?"

இந்தப் பயத்தால் பரிசோதனைக்கே வராமல் மூன்று நான்கு மாதம் கடத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலான கட்டிகளில் மெல்லிய ஊசியால் பரவுவது மிக அரிது. தள்ளிப்போட்ட மாதங்களில் கட்டி வளர்ந்து நரம்பை நசுக்குவதுதான் நிஜமான ஆபத்து.

ஆனால் ஆயா சொல்வதை முழுக்கத் தள்ளிவிடவும் மாட்டேன். கோர்டோமா, காண்ட்ரோசர்கோமா போன்ற சில கட்டிகளில் ஊசி போன வழியில் செல்கள் தங்கி, பின்னால் அங்கேயே முளைக்கக்கூடும். அதனால்தான் ஊசி எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை, பிறகு அறுவை செய்யப்போகும் டாக்டரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும் என்கிறார்கள். கட்டியை எடுக்கும்போது அந்த ஊசித்தடத்தையும் சேர்த்து வெட்டி எடுக்கிற மாதிரி வழி அமைய வேண்டும். திருவெலும்பு, அதாவது இடுப்புக்குக் கீழே உள்ள முக்கோண எலும்பு, அங்கே கட்டி இருந்தால் மலக்குடல் வழியாகக் குத்தக் கூடாது. முதுகுப் பக்கத்திலிருந்துதான் போக வேண்டும். "ஆபரேஷன் செய்கிற டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டாரா?" என்று ஊசிக்கு முன்னால் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

"எடுத்தத மைக்ரோஸ்கோப்ல வெச்சா ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சுடாதா? ஏன் இத்தினி நாளு?"

ஊசியில் வருவது சில சொட்டு. அதைக் கண்ணாடி ஸ்லைடில் விட்டு, இன்னொரு ஸ்லைடால் மெல்லப் பரப்புவோம். சிலவற்றைக் காற்றில் உலரவிட்டு ஜீம்சா சாயம் போடுவோம். சிலவற்றை ஈரம் காய்வதற்குள் 95 சதவீத ஆல்கஹாலில் போட்டு, பாப் சாயமோ ஹெமடாக்ஸிலின்-ஈயோசினோ போடுவோம். இரண்டு வழியும் வேண்டும். கட்டி சுரக்கும் கொழகொழப்பான பொருள் ஜீம்சாவில் வாடாமல்லி நிறத்தில் பளிச்சென்று தெரியும்; உட்கருவின் நுணுக்கம் பாப் சாயத்தில்தான் தெளியும். ஆல்கஹாலில் போட வேண்டிய ஸ்லைடு அரை நிமிடம் காய்ந்தால்கூட செல் உப்பி, உருவம் கெட்டுவிடும்.

ஊசியில் மிச்சம் இருப்பதைக் கழுவி, சுழற்றி, அடியில் தங்குவதை ஃபார்மலினில் கெட்டிப்படுத்தி, பாரஃபின் மெழுகில் புதைத்து 'செல் பிளாக்' செய்வோம். கூடுதல் பரிசோதனை எல்லாம் அதிலிருந்துதான். எலும்புத் துண்டு வந்திருந்தால் அதிலுள்ள சுண்ணாம்பை நீக்கிய பிறகே சீவ முடியும். அதற்கே சில நாள் ஆகும். அவசரப்பட்டுக் கடும் அமிலத்தில் போட்டால் எலும்பு சீக்கிரம் இளகும், ஆனால் பிறகு செய்ய வேண்டிய பரிசோதனைகள் கெட்டுப்போகும்.

"'போதிய செல்கள் இல்லை'ன்னு வந்துருக்கு. யார் தப்பு?"

பல நேரம் யார் தப்பும் இல்லை. ஷ்வானோமா நார்நாராக இறுகியிருக்கும். உறிஞ்சினால் செல்கள் லேசில் வராது, குத்தும்போது வலி மட்டும் சுரீரென்று காலுக்குள் ஓடும். சில கட்டிகளின் நடுப்பகுதி செத்துப்போயிருக்கும், ஓரத்தில்தான் உயிருள்ள செல் கிடைக்கும். சிலவற்றில் ரத்தம் மட்டுமே வரும்.

ஊசி போடும் அறையிலேயே ஒரு ஸ்லைடைச் சீக்கிரமாகச் சாயமேற்றிப் பார்த்து, "செல் வந்திருக்கிறது, போதும்" என்றோ "இன்னொரு முறை எடுங்கள்" என்றோ சொல்லும் வசதி சில இடங்களில் உண்டு. இருக்கிறதா என்று முன்பே விசாரியுங்கள். செல் போதவில்லை என்ற ரிப்போர்ட்டை 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். கேள்விக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

"கோர்டோமான்னு எழுதிக்கீறாங்க. எங்க தெருவுல ஒருத்தருமே கேள்விப்பட்டதில்லையே?"

கேள்விப்பட்டிருக்க வாய்ப்பு குறைவுதான். பத்து லட்சம் பேரில் வருடத்துக்கு ஏறக்குறைய ஒருவருக்கு வரும் நோய் அது. தாயின் வயிற்றில் கரு உருவாகும்போது, முதுகெலும்பு வருவதற்கு முன்னால், அந்த இடத்தில் ஒரு மெல்லிய தண்டு உண்டாகும். அதை முதுகு நாண் என்கிறார்கள். எலும்பு வளர வளர அது மறைந்து, வட்டுகளின் நடுவில் உள்ள கூழாக மட்டும் மிஞ்சும். மறையாமல் அங்கங்கே எலும்புக்குள் தங்கிவிட்ட துணுக்குகளிலிருந்து பல வருடம் கழித்து வளர்வதுதான் கோர்டோமா. திருவெலும்பிலும் மண்டையோட்டின் அடித்தளத்திலும், அதாவது முதுகு நாணின் இரண்டு கோடியிலும், அதிகம் வரும்.

ஸ்லைடில் இதன் செல் மறக்க முடியாத உருவம். உடல் முழுக்கக் குமிழி குமிழியாக, சோப்பு நுரையை ஒரு பைக்குள் அடைத்தது போல இருக்கும். ஃபிசாலிஃபோரஸ் செல் என்று பெயர். குமிழிகளைச் சுமப்பது என்று பொருள். ஜெர்மனியின் பேத்தாலஜி டாக்டர் விர்ஹோ 1857-இலேயே இதை விவரித்திருக்கிறார். சுற்றிலும் வாடாமல்லி நிறக் கூழ், அதில் வரிசையாகவும் கொத்தாகவும் இந்தச் செல்கள். ஆனால் எல்லா நோயாளியிடமும் இப்படி அழகாக வருவதில்லை. குமிழியே இல்லாத சாதாரண உருண்டைச் செல்கள் மட்டும் வந்த ஸ்லைடுகளும் உண்டு, கஷ்டம் அங்கேதான்.

மெல்ல வளரும் என்பதால் நோயாளியும் அதற்கேற்ப மெல்லப் பழகிவிடுவார். உட்கார்ந்தால் வால் எலும்புப் பக்கம் வலி, மலச்சிக்கல், உட்காரும் இடத்தில் மரப்பு. மூலம் என்றோ வாயு என்றோ நினைத்து வருடக்கணக்கில் போய்விடும்.

"மொத ரிப்போர்ட்ல ஒரு பேரு, ரெண்டாவதுல வேற பேரு. யார நம்பறது?"

ஒன்றைச் சொல்கிறேன். காசிமேட்டில் வலை பின்னுகிறவர் ஒருவர். அறுபதை நெருங்கும் வயது. அவருடைய சாம்பிள் வந்தபோது ரிக்வெஸ்ட் ஃபார்மில் இரண்டே சொல்: 'முதுகு வலி'. எந்த எலும்பு, எவ்வளவு நாள், படத்தில் என்ன என்று எதுவும் இல்லை. ஸ்லைடில் வாடாமல்லி நிறக் கூழ், குமிழிச் செல்கள் சில. குடலில் பிறந்த, சளி சுரக்கும் புற்று எலும்புக்கு வந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். எங்கிருந்தோ பரவிய புற்றாக இருக்கலாம், குடலைப் பாருங்கள் என்று முதல் ரிப்போர்ட் போயிற்று. வீடே இடிந்துபோனது. குடலில் எதுவும் அகப்படவில்லை. பத்து நாள் கழித்து அவர் மகன் ஸ்கேன் படம் பதிந்த சி.டி. தட்டோடு வந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னான்: "அப்பா ரெண்டு வருஷமாவே ஒரு பக்கமா சாஞ்சுதான் குந்துவாரு." டாக்டர் படத்தைப் பார்த்தார், திருவெலும்பின் நட்டநடுவில் கட்டி. செல் பிளாக்கில் மேற்கொண்டு பரிசோதனை செய்ததில் கோர்டோமா என்று உறுதியானது. அந்த ஃபார்மை அப்படியே வாங்கிவைத்தவள் நான். அன்றிலிருந்து விவரம் இல்லாத ஃபார்மை நான் வாங்குவதில்லை.

இரண்டு ரிப்போர்ட்டுக்கும் பார்த்தது ஒரே செல்லைத்தான். இரண்டாவது முறை படமும் கதையும் கூட இருந்தன. குருத்தெலும்பில் பிறக்கும் காண்ட்ரோசர்கோமாவிலும் இதே நிறக் கூழ் வரும். தண்டுவடத்தின் வால் முனையில் பிறக்கும் மிக்ஸோபேப்பில்லரி எபெண்டைமோமாவில் அந்தக் கூழ் உருண்டை உருண்டையாக, சுற்றிலும் செல் சூழ வரும். சிறுநீரகப் புற்றின் செல்லும் வெளிறி, குமிழி விட்டதுபோல ஏமாற்றும். ஆகவே எம்.ஆர்.ஐ. ஃபிலிம், பழைய ஆபரேஷன் சீட்டு, வலி தொடங்கிய மாதம், முன்பு வேறு புற்றுக்குச் சிகிச்சை எடுத்திருந்தால் அந்த விவரம், எல்லாவற்றையும் சாம்பிளோடு லேபுக்குக் கொண்டுவாருங்கள். யாரும் கேட்காவிட்டாலும் கொடுங்கள்.

"ஐ.எச்.சி.ன்னு இன்னோரு டெஸ்ட்டு, இன்னோரு பணம். தேவையா?"

அபூர்வக் கட்டி என்று சந்தேகம் வந்தால் பெரும்பாலும் தேவை. செல்லுக்குள் எந்தப் புரதம் இருக்கிறது என்பதை நிறமாகக் காட்டும் பரிசோதனை அது. உருவத்தில் ஒன்றையொன்று ஒத்திருப்பவை இங்கே பிரிந்துவிடும். கோர்டோமா செல்லின் உட்கருவில் பிராக்கியூரி என்ற புரதம் இருக்கும்; இது கோர்டோமாவின் அடையாளம் என்று 2006-இல் தெரிய வந்தது. கெரட்டினும் அதில் இருக்கும். காண்ட்ரோசர்கோமாவில் எஸ்-100 என்ற புரதம் இருக்கும், பிராக்கியூரி இருக்காது. எபெண்டைமோமாவில் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதம் தெரியும்.

மேலே சொன்ன செல் பிளாக் இல்லையென்றால் இதைச் செய்வது சிரமம். அதனால் ஊசி போடும் அன்றே "செல் பிளாக்குக்கும் எடுக்கிறீர்களா?" என்று கேட்பது இரண்டாவது ஊசியைத் தவிர்க்கும். செலவு பற்றிக் கவலை என்றால், நீங்கள் இருக்கும் மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டக் கவுண்டரில் முதலில் விசாரியுங்கள்.

"டி.பி.யா இருக்கும்னு மாத்திரை ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே ஊசி வேணாம்ல?"

வேண்டும், முடிந்தால் மாத்திரைக்கு முன்பே. காசநோய் என்றால் ஸ்லைடில் கிருமியை எதிர்த்துத் திரளும் எபிதீலியாய்டு செல் கூட்டங்களும், பல உட்கரு கொண்ட பெரிய செல்களும், தயிர்க்கட்டி போன்ற சிதைவும் தெரியும். அதே சாம்பிளில் சிவப்புச் சாயம் போட்டுக் கிருமியைத் தேடலாம். ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனையில், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து அந்தக் கிருமியிடம் வேலை செய்யுமா என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். காசநோயாளி சானட்டோரியம் என்ற தனி ஆஸ்பத்திரியில் போய்க் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களின் கடைசியில் உலகத்துக்குக் காட்டிய ஊர் நம் சென்னை. அந்த மருந்து சரியான நோய்க்குப் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். மாத்திரை தொடங்கிச் சில மாதம் ஆகியும் வலி கூடுகிறது, கால் பலவீனமாகிறது என்றால் ஊசிப் பரிசோதனை பற்றி நீங்களே பேச்சை எடுங்கள்.

ஸ்டீராய்டு பற்றியும் ஒரு வார்த்தை. லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டி ஸ்டீராய்டு பட்டதும் கரைந்துவிடும். பிறகு ஊசியில் எதுவும் அகப்படாது. கால் செயலிழக்கும் நிலையில் டாக்டர் அவசரமாக ஸ்டீராய்டு கொடுத்தால் மறுக்காதீர்கள். கொடுத்த விவரத்தை மட்டும் லேப் ஃபார்மில் எழுதச் சொல்லுங்கள்.

"பையனுக்கு 9 வயசு. ஒரு எலும்பு அப்பளமா தட்டையாயிடுச்சாம். இது என்னக்கா?"

குழந்தைகளில் கணக்கே வேறு. ஒரே ஒரு முள்ளெலும்பு இப்படித் தட்டையானால் லாங்கர்ஹான்ஸ் செல் ஹிஸ்டியோசைட்டோசிஸ் என்பதை, அதாவது ஒரு வகை எதிர்ப்புச் செல் அளவுக்கு மீறிப் பெருகும் நோயை, டாக்டர்கள் நினைப்பார்கள். பெயர் நாக்கைச் சுளுக்கினாலும், ஒரு எலும்போடு நின்றால் பெரும்பாலும் நன்றாக ஆறும். ஸ்லைடில் உட்கருவில் காப்பிக்கொட்டை மாதிரி பள்ளம் விழுந்த செல்கள், கூடவே ஆரஞ்சு மணி மணியாக ஈயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் தெரியும். சி.டி.1ஏ என்ற புரதத்தைக் காட்டும் பரிசோதனை அதை உறுதி செய்யும்.

ஆனால் ஈவிங் சர்கோமாவும் லுகேமியா என்ற ரத்தப் புற்றும்கூட இந்த வயதில் எலும்பைப் பிடிக்கும். அங்கே சின்னச் சின்ன உருண்டைச் செல்கள் நெருக்கியடித்துக் கிடக்கும். அதனால் படத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடைவதும் வேண்டாம், பயப்படுவதும் வேண்டாம்.

"ஆபரேஷன் நடக்கறப்பவே லேபுல கேட்டுக்குவோம்னாரே, அது எப்டி?"

தண்டுவடத்தைத் திறந்ததும் மிளகு அளவு துண்டை எங்களுக்கு அனுப்புவார்கள். அதை இரண்டு ஸ்லைடுக்கு நடுவே வைத்து நசுக்கி இழுத்து, சாயம் போட்டு, கால் மணி நேரத்துக்குள் டாக்டர் பார்த்துச் சொல்லிவிடுவார். ஸ்குவாஷ் என்கிறோம். அமெரிக்காவில் ஐசன்ஹார்ட் என்ற பேத்தாலஜி டாக்டரும் குஷிங் என்ற மூளை சர்ஜனும் 1930-இல் இதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். நரம்புத் திசுவில் நீர் அதிகம். உறையவைத்துச் சீவினால் பனித்துகள் கிழித்துவிடும், நசுக்கினால் செல் முழுசாகத் தெரியும். அப்போது சொல்வது சர்ஜனுக்கு வழிகாட்ட மட்டும். கடைசி ரிப்போர்ட் பிறகு வரும், அதில் பெயர் மாறவும் கூடும்.

"முதுகுத் தண்ணிய எடுத்துப் பாத்தா போதாதா? ஊசி, ஆபரேஷன் எதுவும் வேணாமே."

மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீர் அது. கட்டி அந்த நீரில் செல்களை உதிர்த்தால்தான் தெரியும். மூளையிலிருந்து நீர் வழியாக இறங்கும் கட்டிகள், லுகேமியா, லிம்ஃபோமா ஆகியவற்றில் பயன் உண்டு. எலும்புக்குள் இருக்கும் கோர்டோமாவோ தன் உறைக்குள் மூடிக்கிடக்கும் ஷ்வானோமாவோ அதில் செல் விடாது. கட்டி நீரோட்டத்தை அடைத்திருக்கும்போது கீழே நீரை எடுத்தால் கால் பலவீனம் கூடவும் செய்யலாம்.

எடுக்கச் சொன்னால், பாட்டிலைக் கையில் வாங்கியதும் நேராக லேபுக்கு வாருங்கள். ஒரு மணி நேரத்தில் செல்கள் கரைய ஆரம்பிக்கும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று நிற்காதீர்கள்.

"ரிப்போர்ட்ல 'சஜஸ்டிவ் ஆஃப்'னு இருக்கு. டாக்டருக்கே தெரியலையா?"

தெரிந்த அளவை நேர்மையாக எழுதியிருக்கிறார். 'சஜஸ்டிவ்' என்றால் செல்கள் அந்தப் பக்கம் கை காட்டுகின்றன, உறுதி செய்ய இன்னும் ஒன்று வேண்டும். 'கன்சிஸ்டன்ட் வித்' என்றால் படமும் கதையும் பொருந்தினால் அதுதான். காசிமேட்டுக்காரர் விஷயத்தில் முதல் ரிப்போர்ட்டிலும் 'இருக்கலாம்' என்றுதான் இருந்தது. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைப் படிக்கவில்லை. ரிப்போர்ட்டின் கடைசியில் 'கமென்ட்' என்று சின்ன எழுத்தில் இருப்பதைக் கட்டாயம் யாரையாவது படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.

"வேற எடத்துல காட்டணும். ஸ்லைடு குடுப்பீங்களா, கோவிச்சுக்குவீங்களா?"

கோபம் எதற்கு? அபூர்வக் கட்டியில் இரண்டாவது பார்வை வேண்டும் என்று நானே சொல்வேன். வருடத்தில் ஒன்றிரண்டு பார்க்கிற இடத்தைவிட, நிறையப் பார்த்த இடத்தில் கண் பழகியிருக்கும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலிருந்து அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ போவதானாலும் சரி, ரிப்போர்ட் நகலை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சாயமிட்ட ஸ்லைடு, மெழுகு பிளாக், ஸ்கேன் படம் பதிந்த சி.டி. தட்டு மூன்றும் வேண்டும். எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஊசிச் சாம்பிளின் ஸ்லைடு பல நேரம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். உடைந்தால் மறுபடி செய்ய முடியாது. பிளாஸ்டிக் ஸ்லைடு பெட்டி கேட்டு வாங்குங்கள், பஞ்சு சுற்றி சட்டைப் பையில் போடாதீர்கள்.

மெழுகு பிளாக்கை வெயிலில் நிற்கும் வண்டியின் டிக்கியில் வைக்காதீர்கள். சித்திரை வைகாசியில் உள்ளே அடைபடும் சூட்டில் மெழுகு இளகி, திசு கலைந்துவிடும். பஸ்ஸில் போனாலும் வண்டியில் போனாலும் கைப்பையில், நிழலில், உங்கள் மடியிலேயே இருக்கட்டும்.